சிறுகதையின் முடிவும் முன்னுணர்த்தலும்

ஒரு கதையில் பின்னால் நிகழவிருப்பதன் தடயத்தை, அது நிகழ்வதற்கு முன்பே, அதன் பொருள் முழுவதும் விளங்கிவிடாத வகையில் வாசகர் கண்ணில் படும்படி வைக்கும் உத்தியை முன்னுணர்த்தல் என்பர். காப்பியத்திலும் நாடகத்திலும் நாவலிலும் இது வழங்கிவந்தாலும் சிறுகதையில் இதன் சுமை கூடுதலானது. நாவலாசிரியர் ஒரு திருப்பத்துக்கு வேண்டிய காரணங்களை நூறு பக்கங்களில் பரப்பி வைக்கலாம். சிறுகதை எழுதுபவரோ பத்துப் பதினைந்து பக்கங்களுக்குள் ஓர் உலகத்தை அறிமுகப்படுத்தி, அதை அசைத்து, முடித்தும் வைக்க வேண்டியிருப்பதால், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வேலை கொடுக்கிறார். ஹாதார்னின் கதைத் தொகுதி ஒன்றுக்கு 1842இல் எட்கர் ஆலன் போ எழுதிய மதிப்புரை, சிறுகதை முழுவதும் ஒரே விளைவை நோக்கியே கட்டப்பட வேண்டும் என்றும், முதல் வாக்கியமே அந்த விளைவின் பக்கம் நகராவிட்டால் எழுத்தாளர் முதல் அடியிலேயே தோற்றுவிட்டார் என்றும் வாதிட்டது. முடிவைத் தீர்மானித்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கி எழுதும் முறைக்குக் கொள்கை வடிவம் தந்த எழுத்து அது. முன்னுணர்த்தலின் வலிமையும் அதனால் விளையும் கேடும் ஒருசேர அந்தக் கொள்கையிலேயே அடங்கியிருக்கின்றன.

நல்ல முடிவிடம் வாசகர் எதிர்பார்ப்பவை இரண்டு: அது தாம் நினைத்துப் பாராததாக இருக்க வேண்டும், வந்து சேர்ந்த பின் அதுவரை படித்தவற்றின் விளைவாகவே தோன்றவும் வேண்டும். துன்பியல் நாடகத்தின் நிகழ்ச்சிகள் எதிர்பாராமல் வரும்போதும் ஒன்றன் காரணமாக மற்றொன்று வந்தால்தான் அவலமும் அச்சமும் மிகும் என்று அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் குறித்தது இதைத்தான். தடயம் மிகுந்தால் வியப்புக் கெடுகிறது; குறைந்தால் முடிவு ஒட்டவைத்ததாகிவிடுகிறது. இந்த இரண்டுக்கும் இடையே அளவு பார்ப்பதுதான் கலை என்று கதைப் பயிற்சி நூல்கள் சொல்லி முடித்துவிடுகின்றன. ஆனால் சிறந்த கதைகளை உற்றுப் பார்த்தால் சிக்கல் அளவில் மட்டும் இல்லை என்பதும், ஒரு தடயம் அது வந்த இடத்திலேயே தனக்கென ஓர் உயிரோடு நிற்கிறதா என்பதே பெரிய கேள்வி என்பதும் புலப்படும்.

பிரெஞ்சுத் திறனாய்வாளர் ஜெரார் ஜெனெத், கதைசொல்லலின் கால ஒழுங்கை ஆராய்ந்து 1972இல் வெளியிட்ட கட்டுரையில், முன்னோக்கிய குறிப்புகளை இரு வகையாகப் பிரித்தார். நிகழப்போவதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது அறிவிப்பு. வரும்போது எந்தச் சிறப்பும் இல்லாத சாதாரணச் செய்தியாக வந்து, பின்னால் நடப்பதை அறிந்த பிறகே பொருள் பெறுவது வித்து. வாசகரைத் தவறான முடிவின் பக்கம் இழுக்கும் போலி வித்துகளும் உண்டு என்பதையும், துப்பறியும் கதைகள் பெரிதும் அவற்றைக் கொண்டே வாழ்கின்றன என்பதையும் அவர் சுட்டினார். இந்தப் பாகுபாட்டை மனத்தில் கொண்டால், பழங்காப்பியத்தின் முன்னுணர்த்தலும் நவீனச் சிறுகதையின் முன்னுணர்த்தலும் வெவ்வேறு பணிகளைச் செய்வது தெளிவாகும். சிலப்பதிகாரத்தில் கண்ணகி தான் கண்ட கனவைத் தேவந்தியிடம் சொல்கிறாள். கோவலன் தன் கனவை மாடலனிடம் சொல்கிறான். கோப்பெருந்தேவி தன் கனவைப் பாண்டியனிடம் சொல்லிக்கொண்டிருக்கும் வேளையில்தான் கண்ணகி அரண்மனை வாயிலுக்கு வருகிறாள். கதையின் போக்கைப் பதிகமே சொல்லிவிட்டதால், இக்கனவுகள் எதையும் மறைத்துவைத்துப் பின்னால் வியக்கவைக்கும் நோக்கம் கொண்டவை அல்ல. வரப்போவதை அறிந்த கேட்பவர், அறியாமல் நடக்கும் மாந்தரைப் பார்த்து முன்கூட்டியே துயருறும்படி செய்யும் அறிவிப்புகள் அவை.

முடிவை அறிந்திருப்பது இன்பத்தைக் கெடுத்தே தீரும் என்ற பொது நம்பிக்கைக்கு இந்தக் காப்பிய மரபே போதுமான மறுப்பு. அண்மைக்கால உளவியலாளரும் இதைச் சோதித்துள்ளனர்: லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர் 12 சிறுகதைகளைக் கொண்டு நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், முடிவு முன்பே சொல்லப்பட்ட கதைகளை வாசகர் சற்றுக் கூடுதலாகவே விரும்பினர். பிற ஆய்வுகள் இதற்கு மாறான முடிவுகளையும் தந்திருப்பதால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. எனினும், வியப்பு ஒன்றை மட்டும் நம்பி நிற்கும் முன்னுணர்த்தலால் ஒரே வாசிப்புக்குத்தான் பயன் என்பதையும், இரண்டாம் வாசிப்பில்தான் வித்துகள் தம் முழு வேலையைச் செய்கின்றன என்பதையும் உணர இத்தகைய ஆய்வு உதவுகிறது.

வித்து எவ்வளவு துணிச்சலாக வைக்கப்பட முடியும் என்பதற்கு ஷர்லி ஜாக்சனின் 'லாட்டரி' என்ற சிறுகதையை விஞ்சிய எடுத்துக்காட்டு அரிது. 'நியூயார்க்கர்' இதழில் 1948 ஜூன் 26 அன்று வெளியான இக்கதை, அடுத்த நாளாகிய ஜூன் 27 அன்று, ஏறத்தாழ 300 பேர் வாழும் ஓர் அமெரிக்கச் சிற்றூரில் நடக்கிறது. ஊரார் சதுக்கத்தில் கூடுகின்றனர். கறுப்புப் பெட்டியிலிருந்து சீட்டு எடுக்கின்றனர். புள்ளியிட்ட சீட்டைப் பெற்ற டெஸ்ஸி ஹட்சின்சனைக் கல்லால் அடிக்கின்றனர். அந்தக் கற்கள் கதையின் இரண்டாம் பத்தியிலேயே இருக்கின்றன. பள்ளி விடுமுறையில் இருக்கும் சிறுவர்கள் முதலில் வந்து, ஒருவன் சட்டைப்பை நிறையக் கற்களைத் திணித்துக்கொள்ள, மற்றவர்களும் வழவழப்பான உருண்டைக் கற்களாகப் பார்த்துப் பொறுக்கி, சதுக்கத்தின் மூலையில் குவித்துக் காவலும் காக்கின்றனர். முடிவுக்கு வேண்டிய கருவி எதையும் ஆசிரியர் மறைக்கவில்லை. சிறுவர் கல் பொறுக்குவது எந்த ஊரிலும் எந்தக் கோடையிலும் இயல்பான காட்சி என்பதால், வாசகர் அதைச் சூழல் வருணனையாக ஏற்றுக் கடந்துவிடுகிறார்.

அதன்பின் வரும் நுண்குறிப்புகள் வேறு வகையானவை. ஆண்கள் மழையையும் டிராக்டரையும் வரியையும் பற்றிப் பேசுகின்றனர். ஆனால் கற்குவியலை விட்டுத் தள்ளியே நிற்கின்றனர். அவர்களுடைய வேடிக்கைப் பேச்சுக்குச் சிரிப்பு எழாமல் புன்னகையே எழுகிறது. பெட்டி வைத்த முக்காலிக்கும் தமக்கும் இடையே ஊரார் இடைவெளி விடுகின்றனர்; பெட்டியைப் பிடிக்க ஆள் கேட்கும்போது ஒரு தயக்கம் நிலவுகிறது. இவை எவையும் நடக்கப்போவது இன்னதென்று சொல்லவில்லை. எதையோ பற்றிய அச்சம் இருப்பதை மட்டும் உடலசைவுகளால் காட்டுகின்றன. கதையின் மையச் சொல்லோ எதிர்த்திசையில் இழுக்கிறது: லாட்டரி என்றதும் பரிசை நினைக்கும் வாசகரின் பழக்கமே இங்கே மிகப் பெரிய போலி வித்தாகிறது. இவ்வாறு கருவி வெளிப்படையாகவும், அச்சம் மங்கலாகவும், பெயர் திசைதிருப்புவதாகவும் மூன்று அடுக்குகளில் அமைவதால், முடிவு வந்து விழும்போது வாசகர் ஏமாற்றப்பட்டதாகப் புகார் சொல்ல முடியாது. கண்ணெதிரே இருந்ததைத் தாமும் அந்த ஊராரைப் போலவே வழக்கமானது என்று ஏற்றுக்கொண்டதை உணர்கிறார். அன்றாடத்தில் கலந்துவிட்ட கொடுமை கொடுமையாகத் தெரியாமல் போவதே கதையின் கருப்பொருளாகவும் இருப்பதால், இங்கே உத்தியும் பொருளும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகின்றன. வாசகர்கள் அந்தக் கோடையில் 300க்கும் மேற்பட்ட கடிதங்களை எழுதினர் என்றும், அவற்றில் குழப்பமும் கோபமும் மிகுந்திருந்தன என்றும் ஜாக்சனே பின்னர் ஓர் உரையில் பதிவு செய்தார்.

மாப்பசானின் 'நெக்லஸ்' 1884இல் வெளியானது; எதிர்பாரா முடிவுக்கு உலகெங்கும் காட்டப்படும் கதை. எளிய எழுத்தரின் மனைவி மதில்த் லுவாசெல், விருந்து ஒன்றுக்காகத் தோழி ஃபொரெஸ்தியேயிடம் வைர நெக்லஸை இரவல் வாங்கித் தொலைத்துவிடுகிறாள். கணவனும் மனைவியும் 36,000 பிராங்க் கொடுத்து அதைப் போன்ற ஒன்றை வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தக் கடனை அடைக்கப் பத்தாண்டுகள் உழைத்துத் தேய்கின்றனர். கடைசி வரியில், தொலைந்தது 500 பிராங்குக்கு மேல் பெறாத போலி என்று தெரிகிறது. இது வெறும் வித்தை என்று இக்கதையைத் தள்ளிவிடுவோர் உண்டு. அவர்கள் நடுவில் வரும் ஒரு வாக்கியத்தைக் கவனிப்பதில்லை. நகைப்பெட்டியின் உள்ளே பெயர் பொறித்திருந்த நகைக்கடைக்காரரிடம் தம்பதியர் போய் விசாரிக்கும்போது, அவர் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, அந்த நெக்லஸைத் தாம் விற்கவில்லை என்றும் பெட்டியை மட்டுமே தந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறார். பெட்டி ஓரிடத்தது, நகை வேறிடத்தது என்ற இந்தச் செய்தியில் முடிவு முழுமையாக அடங்கியிருக்கிறது. ஆனால் நகையைத் தேடி அலையும் இருவரின் பதற்றத்தில் பங்கு கொண்டிருக்கும் வாசகர், அதை ஒரு தடங்கலாக மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்கு அவர்களுடனேயே விரைகிறார். கேட்ட உடனே நெக்லஸைத் தயக்கமின்றித் தோழி எடுத்துத் தந்ததும், திருப்பிக் கொடுத்தபோது பெட்டியைத் திறந்துகூடப் பாராததும் இதே வகையைச் சேர்ந்தவை. செல்வந்தரின் அலட்சியம் என்ற இயல்பான விளக்கம் அவற்றுக்கு அந்தந்த இடத்திலேயே கிடைத்துவிடுகிறது.

எனினும் இக்கதையிலேயே முன்னுணர்த்தலுக்குக் கதை கொடுக்கும் விலையையும் காணலாம். பத்தாண்டு உழைப்பும் அதில் மதில்த் அடைந்த மாற்றமும் மிகச் சில பத்திகளில் கடந்துபோகின்றன. பாத்திரம் துலக்கியும், மாடிப்படிகளில் தண்ணீர் சுமந்தும், காய்கறிக்காரரிடம் காசுக்குப் பேரம் பேசியும் வாழ்ந்த அந்தப் பெண்ணுக்குள் என்ன நிகழ்ந்தது என்பதில் ஒரு பெருங்கதை புதைந்திருக்கிறது. கடைசி வரியை நோக்கிய விரைவு அதைத் தோண்ட இடம் தரவில்லை. எல்லாத் தடயங்களும் முடிவை நோக்கியே திரும்பி நிற்கும் கதையில், முடிவுக்குப் பயன்படாத வாழ்க்கைப் பகுதிகள் ஒதுங்கிப்போகின்றன. கடைக்காரரின் வாக்கியத்தை எவ்வளவு போற்றினாலும் இந்த இழப்பைக் காணாமல் இருப்பது நேர்மையான திறனாய்வாகாது.

தடயம் மிகும்போது ஏற்படும் கேடு வேறு விதமானது. ஃப்ளானரி ஓகானரின் 'நல்ல மனிதன் கிடைப்பது அரிது' என்ற 1953ஆம் ஆண்டுக் கதையில், பயணம் போகும் குடும்பம் ஒன்று தப்பியோடிய கொலைகாரன் கையில் மாண்டுபோகிறது. புறப்படும்போது பாட்டி நேர்த்தியாக உடுத்திக்கொள்கிறாள். விபத்து நேர்ந்து நெடுஞ்சாலையில் தன்னைச் சவமாகக் காண்பவருக்கும் தான் சீமாட்டி என்று தெரிய வேண்டுமாம். இந்த வித்து ஒப்பற்றது. பாட்டியின் தற்பெருமையையும் வர்க்க உணர்வையும் ஒரே வாக்கியத்தில் காட்டிவிடுவதால், அது முடிவைச் சாராமலேயே உயிர்வாழ்கிறது. ஆனால் வழியில் பருத்திக் காட்டின் நடுவே ஐந்தாறு கல்லறைகள் தென்படுவதும், கல்லறையை நினைவூட்டும் பெயர்கொண்ட ஊர் வருவதும், கொலைகாரர்கள் சவ ஊர்தி போன்ற கறுப்பு வண்டியில் வந்திறங்குவதும், அந்த உலகத்திலிருந்து தாமாக விளைந்தவையாகத் தோன்றாமல் ஆசிரியர் அடுக்கியவையாகத் தோன்றத் தொடங்குகின்றன. தெய்வச் செயல் மாந்தரைச் சூழ்ந்து நிற்கிறது என்ற ஓகானரின் கத்தோலிக்கப் பார்வைக்கு இத்தகைய அடுக்கு தேவை என்று வாதிடலாம். அந்த வாதத்தில் உண்மையும் உண்டு. ஆயினும் பாட்டியின் உடைக்கும் ஊரின் பெயருக்கும் உள்ள தர வேறுபாட்டை அது அழித்துவிடாது.

இந்தக் கேட்டின் தேய்ந்த வடிவம் தமிழ் வார இதழ்க் கதைகளுக்கும் திரைப்படங்களுக்கும் நன்கு பழக்கமானது. விளக்கு அணைவது, குங்குமம் கொட்டுவது, வாசல்படியில் கால் தடுக்குவது ஆகியவை ஒரு காலத்தில் நிமித்த நம்பிக்கையிலிருந்து வலிமை பெற்றவை. நம்பிக்கையின் சூழலை விட்டு வெறும் குறியாக வரும்போது அவை வாசகரை ஆயத்தப்படுத்துவதில்லை, முடிவை அறிவித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. இதற்கு நேர்மாறான குறை ஒரு பக்கக் கதைகள் பலவற்றில் தென்படுகிறது. மையப் பாத்திரம் முதலிலிருந்தே அறிந்திருக்கும் செய்தியை, அந்தப் பாத்திரத்தின் மனத்துக்குள்ளிருந்தே கதை சொல்லப்படும்போதும், கடைசி வரிவரை ஒளித்துவைத்து அதிர்ச்சி தருவது அது. வித்து வைக்காமல் விளைச்சல் காட்டும் இம்முறையில், வாசகருக்கு நியாயமான வாய்ப்பு எதுவும் தரப்படவில்லை.

சுவரில் துப்பாக்கி தொங்கினால் அது வெடித்தாக வேண்டும் என்ற செகாவின் அறிவுரை, முன்னுணர்த்தலைக் கற்பிப்போர் அனைவரும் எடுத்தாளும் ஒன்று. லாசரெவ்-குருசின்ஸ்கிக்கு 1889இல் எழுதிய கடிதத்தில் நாடக மேடையை முன்னிட்டு அவர் இதைக் குறித்தார். பயனற்றதை நீக்குக என்பதே அதன் சாரம். அதை விதியாக்கிய பயிற்சி நூல்கள், செகாவின் சொந்தப் படைப்புகள் அந்த விதிக்கு அடங்கவில்லை என்பதைச் சொல்வதில்லை. 1904இல் மேடையேறிய 'செர்ரித் தோட்டம்' நாடகத்தில் ஒருவரிடம் கைத்துப்பாக்கியும் மற்றொருவரிடம் வேட்டைத் துப்பாக்கியும் இருக்கின்றன. யார் மீதும் எதுவும் வெடிக்கவில்லை. அவருடைய முதிர்ந்த சிறுகதைகளோ முடிவுக்கு வந்து சேராமலே நிற்பவை. எல்லாப் பொருளும் பயன்பட்டாக வேண்டும் என்ற நியதி உண்மையான வாழ்க்கையில் இல்லை என்பதை அவர் அளவுக்கு உணர்ந்த எழுத்தாளர் சிலரே.

இந்த உணர்வையே கொள்கையாக வளர்த்தெடுத்து முன்னுணர்த்தலின் மீது மிகக் கடுமையான குற்றச்சாட்டை வைத்தவர் ரஷ்ய இலக்கிய ஆய்வாளர் கேரி சால் மார்சன். 1994இல் வெளியான நூலில் அவர் கூறுவதன் சுருக்கம் இது: முன்னுணர்த்தல் என்பது எதிர்காலம் நிகழ்காலத்தின் மேல் நிழல் வீழ்த்துவது, அந்த நிழல் விழுந்த உலகில் மாந்தரின் தேர்வுகள் ஏற்கெனவே முடிந்துபோனவை, அவர்கள் தயங்குவதும் யோசிப்பதும் நமக்கு மட்டுமே தெரிந்த தீர்ப்பை நோக்கிய நடிப்பாகிவிடுகின்றன. இதற்கு மாற்றாக, நடந்திருக்கக்கூடிய ஆனால் நடவாத சாத்தியங்களும் நிகழ்காலத்தில் உயிரோடு இருந்ததைக் காட்டும் எழுத்தை அவர் பக்கநிழல் என்று அழைத்து, தஸ்தயேவ்ஸ்கியிலும் தல்ஸ்தோயிலும் அதைக் கண்டார். அதே ஆண்டில் மைக்கேல் ஆந்த்ரே பெர்ன்ஸ்டைன், நாஜிகள் யூதர்களைக் கொன்றொழித்த வரலாறு எழுதப்படும் முறையில் இந்தச் சிக்கலின் அறவியல் முகத்தைக் காட்டினார். பேரழிவை அறிந்த பிற்காலத்தவர், அதற்கு முந்தைய வாழ்வு முழுவதையும் அந்த அழிவின் முன்னறிகுறியாகவே படித்து, அறிகுறிகளைக் காணத் தவறியதாக இறந்தவர்களையே குறை சொல்லும் நிலைக்குப் போய்விடுகின்றனர் என்பது அவருடைய கண்டனம். கதைக் கலையில் பழகிப்போன ஒரு வாசிப்புமுறை மனிதரை மதிப்பிடும் முறையாகவும் மாறிவிடுவதை அறிந்தால், முன்னுணர்த்தலைத் தொழில்நுட்பச் சிக்கலாக மட்டும் பேசி முடிப்பது போதாது என்பது விளங்கும்.

ஆனால் மார்சனின் குற்றச்சாட்டைச் சிறுகதைக்கு அப்படியே பொருத்த முடியாது. தல்ஸ்தோயின் பெருநாவலில் எங்கும் போய்ச் சேராத பாதைகளுக்கு இடமுண்டு. பத்துப் பக்கக் கதையில் அதற்கு இடம் குறைவு. குறுகிய இடத்திலும் முடிவுக்கான ஆயத்தத்தையும் மாறாக நடந்திருக்கக்கூடியதன் உயிர்ப்பையும் சேர்த்தே காட்ட முடியுமா என்பதே சோதனை. ஆனந்த விகடனில் 1966இல் வெளியான ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' அந்தச் சோதனையில் தேறிய கதை. மழை பெய்யும் மாலையில் பேருந்துக்குக் காத்திருக்கும் கல்லூரிப் பெண் ஒருத்தி, காரில் வந்த அந்நியனுடன் ஏறி, அவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். தாய் முதலில் பதறிக் கதறினாலும், பிறகு மகளின் தலையில் தண்ணீரைக் குடம் குடமாகக் கொட்டி, அவள் தூய்மையாகிவிட்டாள் என்கிறாள். கதை முழுவதும் பெய்யும் மழை அப்பெண்ணைத் தனியே நிறுத்துவதற்கும், காரில் ஏறும் சூழலை உண்டாக்குவதற்கும், மகளின் கோலத்துக்குக் காரணம் காட்டித் தாய் பிறரிடம் மறைப்பதற்கும் பயன்பட்டு, முடிவில் தாய் கொட்டும் நீருக்கும் மனத்தை ஆயத்தமாக்கிவிடுகிறது. காரில் அவன் கொடுத்த சூயிங்கம் வீடுவரை அவள் வாயிலேயே இருந்து, தாய் துப்பச் சொல்லும்போது தன் முழுப் பொருளையும் அடைகிறது.

தலைப்பு மட்டும் வேறு திசையில் நிற்கிறது. அக்கினிப் பிரவேசம் என்றவுடன் சீதையையும் தீயையும் தண்டனையின் சாயல் கொண்ட சோதனையையும் எதிர்பார்க்கும் வாசகர் முன் தண்ணீர் வருகிறது; அதை நெருப்பென்று நினைத்துக்கொள்ளும்படி தாயே மகளிடம் சொல்லும்போது, தலைப்பு பொய்க்காமலே பொருள் மாறிவிடுகிறது. மரபு காட்டும் முடிவு, அதாவது மகளைக் குற்றவாளியாக நிறுத்தும் முடிவு, இக்கதையில் அழிக்கப்படவில்லை. தலைப்பிலும் தாயின் முதல் கதறலிலும் அது நடந்துவிடக்கூடிய ஒன்றாகவே உயிரோடு நிற்கிறது. மார்சன் கேட்ட பக்கநிழல் இதுவே.

இதற்கு ஜெயகாந்தனே உறுதியான சான்று தந்தார். 1970இல் நூலாக வந்து 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில், அதே மழையும் அதே காரும் அதே பெண்ணும் வருகின்றனர். ஆனால் அங்கே தாய் நீரூற்றி மறைக்கவில்லை, வாய்விட்டு அலறி ஊரறியச் செய்துவிடுகிறாள், பெண் அண்ணன் வீட்டிலிருந்து வெளியேற்றப்படுகிறாள். பல ஆண்டுகளுக்குப் பின் கங்கா என்ற அந்தப் பெண், தன் வாழ்வில் நடந்ததையே ஓர் எழுத்தாளர் வேறொரு முடிவோடு கதையாக எழுதியிருப்பதைப் பத்திரிகையில் படிக்கிறாள். சிறுகதை ஒரு முடிவுக்காக வைத்த வித்துகள் அனைத்தும் இரண்டாவது முடிவையும் தாங்கி நிற்கின்றன. மழையோ தலைப்போ தாயின் கையைப் பிடித்து நீரூற்றச் செய்யவில்லை, அவளே செய்தாள் என்பது நாவலைப் படித்தபின் மேலும் துலக்கமாகிறது. சிறுகதை வெளியானபோது ஒரு தாய் இப்படிச் செய்யலாமா என்றும் செய்வாளா என்றும் தமிழ் வாசகரிடையே எழுந்த கடும் விவாதமும் இதனால்தான் சாத்தியமாயிற்று. மதில்த் தொலைத்த நெக்லஸ் உண்மையானதாக இருந்திருக்கலாமே என்று எவரும் இப்படி வாதிட்டுக்கொள்ள மாட்டார்கள்.